மீத்தேனை ஓவியமாக வரைய யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, நான் இளங்கலை வேதியியல் வகுப்பில் மூலக்கூறுச் சமச்சீர் (ஒரு மூலக்கூறைச் சுழற்றினாலோ கண்ணாடிபோல் எதிரொளித்தாலோ அது பழையபடியே தோன்றுவது) நடத்துகிறேன். பந்து-குச்சி மாதிரியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அணுக்களைத்தான் எண்ணுகிறார்கள், வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த முறை அணுவே இல்லாமல் வெறும் நிறமும் கோடுமாக வரைந்து பார்த்தேன். போரான் டிரைபுளோரைடுக்கு நடுவிலிருந்து 120 பாகையில் விரியும் மூன்று நீலப் பட்டைகள், தாளின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அமோனியாவுக்கும் அதே மூன்று பட்டைகள்தான், ஆனால் பின்பக்கம் மஞ்சள். தாளைத் திருப்பியதுமே ஒரு மாணவி, "அப்போ கிடைமட்டக் கண்ணாடித் தளம் இதில் இல்லையா?" என்று கேட்டாள், அதாவது மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும் தளம். அதைவிட வேறென்ன வேண்டும்!

மீத்தேனில்தான் மாட்டிக்கொண்டேன்; அதன் நான்கு ஹைட்ரஜன்களும் ஒரு நான்முகியின் மூலைகளில் இருக்கின்றன. ஒரு சதுரத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சிவப்பாகவும் (மேலே இருப்பவை) மற்ற இரண்டைக் கறுப்பாகவும் (கீழே) தீட்டினேன். 90 பாகை சுழற்றி நிறத்தை மாற்றினால் படம் பழையபடி வருகிறது, சுழற்சி-எதிரொளிப்பு (சுழற்றிவிட்டு மேல்கீழாக எதிரொளிப்பது) அழகாகப் புரிகிறது, ஆனால் நான்கு மும்மடி அச்சுகளும் (120 பாகை சுழற்றினால் வடிவம் பழையபடி வரும் அச்சுகள்) கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே படத்தில் காட்ட வழி உண்டா?

1951 பிரிட்டன் விழாவுக்கு, படிகவியலாளர் ஹெலன் மெகாவின் யோசனைப்படி, இன்சுலின் போன்றவற்றின் படிக வரைபடங்களைத் துணியிலும் சுவர்த்தாளிலும் அச்சிட்டார்கள். அவையும் தட்டையான படங்கள்தானே. ஓவியர்கள், கோலம் போடுபவர்கள், வேதியியல் ஆசிரியர்கள் யாராக இருந்தாலும் சரி, ஒரு கிறுக்கல் படம் போட்டுக் காட்டினாலும் போதும். அடுத்த வாரம் வகுப்பு.