கண் சொட்டு மருந்தால் இமையைச் சுற்றி அரிப்பு: அனுபவப்பட்டவர்கள் உதவுங்கள்

அம்மாவுக்குக் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். பல மாதங்களாகப் பிரிமோனிடின் சொட்டு மருந்து விடுகிறோம். கண் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில நாட்களாக இரண்டு இமைகளும் சிவந்து தடித்து, கன்னத்தின் மேல்பகுதி வரை தோல் உரிகிறது. அரிப்பு தாங்காமல் தூக்கத்திலேயே தேய்த்துவிடுகிறார்.

மாதக்கணக்கில் ஒத்துப்போன பிறகும் இந்த மருந்து ஒவ்வாமை தரக்கூடும், அல்லது கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். மருந்தை மாற்றுவது பற்றி நாளை பேசப்போகிறோம். அழுத்தம் ஏறினால் வெளியே தெரியாமலே பார்வை நரம்பு கெடும் என்பதால் நாங்களாக நிறுத்தவில்லை.

பென்சல்கோனியம் இல்லாத சொட்டு மருந்துக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? தோல் பழையபடி ஆக எவ்வளவு காலம் பிடித்தது? அந்த வகை மருந்து வரும் ஒரு வேளைக்கான சிறு குப்பிகளை, கை நடுங்கும் வயதானவர்கள் தாமே திறக்க முடிகிறதா? மாதச் செலவு எவ்வளவு?

விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால் யோசனைகள் வேண்டாம். சொந்தக்காரர்களிடமிருந்து ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். கண்ணருகே அதைத் தொடர்ந்து தடவினால் அழுத்தமே ஏறக்கூடும்.