பாசனத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தப் போய் நடந்தது: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கடைமடை
காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது நெல் வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது, இங்கே பலருக்கும் தெரியும். காவிரி டெல்டாவில் வெண்ணாறு கடைமடை, வாய்க்கால் முடியும் இடம்; சம்பா நட்டு ஒரு மாதம், மழை இன்னும் பிடிக்கவில்லை. துளை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்திருந்தேன். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ.யில் நின்றது. 15 செ.மீ. இறங்கினால்தான் அடுத்த பாய்ச்சல். மேலே மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் போனால் வயல் முழுக்கத் தண்ணீர். பக்கத்து வயல் பெரியப்பா ராத்திரியில் வரப்பை வெட்டி விட்டிருக்கிறார், அதுவும் தன்னுடைய முறைத் தண்ணீரை. மண்வெட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். "பயிரு வாடுறத பாத்துட்டு எப்புடிப்பா தூங்குறது" என்றார்.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர். அவர் வயலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் அது. என் பயிருக்கு அன்றைக்குத் தேவையே இல்லை. குழாயைக் காட்டி எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "சரி, உள்ள தண்ணி இருக்கு. அடுத்த முறை எப்ப வரும்னு இந்தக் குழாய் சொல்லுமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் ஓடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டால் உப்புத் தண்ணீர். வரும்போது பிடித்து வைப்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு என்ன வழி?

தென்னந்தோப்பு
கடைமடை தம்பி, உங்களுக்கு வாய்க்கால். எங்களுக்குப் பூமிக்கு அடியில் இருப்பது மட்டும்தான். உடுமலைப் பக்கம், பாறை மண்.

எங்கள் ஊரில் முதலில் சொட்டுநீர் போட்டவர் எங்கள் மாமா. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 என்று சொல்லி ஊரையே போட வைத்தவர். வட்டப்பாத்தியில் கட்டிய தண்ணீரில் பாதி கூட வேண்டியிருக்கவில்லை. மிச்சம் வந்த தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தார். பார்த்த எல்லோரும் வைத்தார்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆட்டோ ஸ்டார்ட்டர்.

அப்புறம் ஒரு வறட்சியில் அவர் தோட்டத்துக்குப் போர் போடும் ரிக் வண்டி வந்தது. நடுராத்திரி, 900 அடியில் வெறும் கல் பொடி பறக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் சொட்டுநீர்க் குழாயெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. மாமா வண்டிக்காரரிடம் "இன்னும் ஒரு நூறு போடுங்க" என்கிறார். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரிலேயே சிக்கனமாகப் பாய்ச்சிய மனிதருக்கு ஏன் அப்படி ஆனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வாழைக்கன்று
தென்னந்தோப்பு அண்ணா, வருத்தமாக இருக்கிறது. எனக்கும் சொட்டுநீரில் ஒரு அனுபவம் உண்டு. கோடையில் அணில் குழாயைக் கடித்து, கடைசி வரிசை மரங்கள் காய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு வரிசைக்கு ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கிறேன், கடிப்பது குறைந்திருக்கிறது.

ஆனால் முக்கியமாகச் சொல்ல வேண்டியது பராமரிப்பு. பலரும் மானியத்தில் வாங்கி, இரண்டே வருடத்தில் அடைத்துக்கொண்டது என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.5 கிலோவைத் தாண்டினால் மணல் வடிகட்டியைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியை அடிக்கடி திறந்து விடுங்கள், கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை மூடாதீர்கள். போர் தண்ணீரில் உப்பு படிந்தால் அமிலச் சுத்திகரிப்பு. தண்ணீரின் பி.எச். 4-க்கு வரும் அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, குழாயில் நிரப்பி, 24 மணி நேரம் விட்டுப் பிறகு அலசி விட வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. பாசி அடைத்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல். அமிலத்தையும் பிளீச்சிங்கையும் ஒரு நாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள், விஷ வாயு வரும். மண் காயாமல் மேலே மூடாக்கும் போடுங்கள், தென்னை மட்டையும் தேங்காய் மட்டையும் உங்களிடமே இருக்கும்.

தென்னந்தோப்பு
தம்பி, மாமாவின் குழாய் ஒரு நாளும் அடைத்ததில்லை. நான் சொன்னது அதை அல்ல. கிணற்றில் இருப்பதே இவ்வளவுதான் என்று ஊர் கூடி ஒரு கணக்குப் போடவில்லை. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம், அது வேண்டும்தான். ஆனால் கூடுதலாக ஓடும் மோட்டாருக்குக் கூடுதல் செலவு இல்லை என்றால் மிச்சம் பிடித்தது மண்ணுக்குள் தங்காது.

நீர்ப்பாய்ச்சி மகன்
தென்னந்தோப்பு ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். மின்சாரத்தை மட்டும் சொல்லாதீர்கள், கணக்கு வைத்திருந்த ஆளையே நாம்தான் அனுப்பிவிட்டோம்.

சிவகங்கைப் பக்கம், எங்கள் அப்பா கண்மாய் நீர்ப்பாய்ச்சி. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். வயல்காரர் மடையைத் தொடக் கூடாது. கதிர் வரும் சமயத்தில் கண்மாய் வற்றிவிட்ட ஒரு வருடம், எல்லோருக்கும் எட்டாது என்று தெரிந்ததும் ஊர் உட்கார்ந்து பேசியது. நன்றாக நிற்கும் பயிருக்கு மட்டும் கடைசித் தண்ணீர் என்று முடிவு. அந்தக் கணக்கில் சித்தப்பா வயல் விழுந்துவிட்டது. சித்தப்பா வாய்க்காலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை, அவரைத் தூக்கி வரப்பில் உட்கார வைத்துவிட்டு அடுத்த வயலுக்குத் திருப்பினார். களத்தில் அப்பாவுக்குக் கூலியாக அளக்கும் நெல்லை அந்த வருடம் சித்தப்பாவும் அளந்தார். அதுதான் எனக்குப் புரியாதது.

வயலுக்கு வயல் போர் வந்ததும் "எனக்கு எதுக்கு நீர்ப்பாய்ச்சி" என்று ஒவ்வொருவராக நெல்லை நிறுத்தினார்கள்.

வலிகாமம்
நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு ஆறும் இல்லை, குளப் பாசனமும் பெரிதாக இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைத் தண்ணீர் நிற்கிறது, அதற்குக் கீழே கடல் தண்ணீர். அப்பப்பா துலாவில் (ஏற்றத்தில்) இறைத்தார், மாமா மெஷினில் இறைக்கிறார். வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் மாமா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு உடனே துப்பினார். உவர். மெஷினை நிறுத்தி, அடுத்த நாள் விடிய வாய் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நல்ல தண்ணீர். இப்போது கொஞ்ச நேரம் இறைப்பார், விடுவார், திரும்ப இறைப்பார். பக்கத்துக் காணிக்காரர் நிறுத்துகிறாரில்லை. இரண்டு பேரும் அதோடு கதைப்பதில்லை.

கடைமடை
நீர்ப்பாய்ச்சி மகன் அண்ணே, அந்த முறைக் கணக்கு எங்காவது எழுத்தில் இருக்கிறதா, இல்லை அப்பா மனதில்தானா? எங்கள் கிளை வாய்க்காலில் தலைமடைக்காரர்களோடு பேசப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். எந்த நாள் யாருக்கு என்று அவர்கள் முன்கூட்டியே சொன்னால் நான் குழாயை நம்பிக் காயப் போடுவேன், பெரியப்பாவும் போடுவார். கையில் எழுதிய தாள் ஏதாவது இருந்தால் போட்டோ அனுப்புங்கள்.