மாடித் தோட்டம்: செம்மண் இறுகாமல் இருக்க என்ன சேர்க்கலாம்?

வணக்கம். காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டு மொட்டை மாடியில் 12 பைகளில் கத்தரி, தக்காளி, வெண்டை வைத்திருக்கிறேன். மண் கலவைதான் கைகூடவில்லை.

முதலில் நம்ம ஊர்ச் செம்மண்ணும் தொழுவுரமும் சரிபாதி கலந்தேன். இரண்டே மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. ஊற்றும் தண்ணீர் பையின் ஓரமாகவே இறங்கி ஓடியது. ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் வெளிச்சுற்றில்தான். நடுவில் காய்ந்த புழுதி. பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம் தென்னை நார்க்கழிவை அதிகம் போட்டேன். அலசாமல் போட்டதால் உப்பு ஏறி இலை ஓரம் கருகியது. அடுத்த முறை மூன்று தண்ணீரில் அலசினேன். கருகல் நின்றது, ஆனால் அதில் சத்து கிடையாதே, செடி வெளிறிப் போய் நிற்கிறது.

இப்போது செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று நினைக்கிறேன். மணல் சேர்க்கத் தயக்கம். பழைய சுண்ணாம்புத் தளம், எடை தாங்க வேண்டும். மில்லில் கிடைக்கும் உமியைக் கருக்கிச் சேர்த்தால் மண் பொலபொலவென்று இருக்குமா? எத்தனை பங்கு போடலாம்? நம்ம பக்கத்து வெயிலில் வளர்த்துப் பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்களேன். ஆடி விதைப்புக்குள் பைகளை மாற்றிவிட வேண்டும்.