பி-1ஏ விசாவில் உள்ள கோல்ஃப் வீரர் பயிற்சி அளிக்கலாமா?

மலேசியக் குடிமகனும் தொழில்முறை கோல்ஃப் வீரருமான என் கணவர், 2023 ஆகஸ்ட் முதல் பி-1ஏ (P-1A, விளையாட்டு வீரர்களுக்கான தற்காலிக) விசாவில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் தங்கிப் போட்டிகளில் ஆடி வருகிறார். தோள்பட்டைக் காயத்தால் ஐந்து மாதங்களாகப் பரிசுப்பணம் இல்லை. பி-4 (P-4, அவரது குடும்பத்தினருக்கான) விசாவில் இருக்கும் எனக்கு வேலை செய்ய அனுமதியும் இல்லை. உள்ளூர் கிளப் ஒன்று அவரை ஊதியத்துடன் பயிற்றுநராக அழைக்கிறது; ஆனால் அவருடைய முகவர் ஐ-129 (I-129, அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கான மனு) படிவத்தில் அளித்த மனு, போட்டிகளில் ஆடுவதற்கு மட்டுமே ஒப்புதல் பெற்றது.

முகவரிடம் கேட்டோம், போட்டி அட்டவணைக்கு வெளியே எதற்கும் பொறுப்பேற்க மறுத்துவிட்டார். வழக்கறிஞர்கள் இருவரில் ஒருவர் கிளப் தனி மனு அளித்தால் போதும் என்கிறார், மற்றவர் ஓ-1ஏ (O-1A, அசாதாரணத் திறனாளர்களுக்கான) விசாவே தேவை என்கிறார். பல ஆண்டு உழைப்பில் கிடைத்த தகுதியைப் பணயம் வைக்க மனம் வரவில்லை.

பி-1ஏ விசாவில் இருந்தவாறே ஊதியப் பயிற்சிக்கு அனுமதி பெற்ற கோல்ஃப் வீரர் எவரேனும் இருந்தால், எந்த வகை மனுவில் பெற்றீர்கள்?