பள்ளி நூலகத்துக்கு ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கிறது, எதில் தொடங்கலாம்?

முன்னாள் மாணவன், நன்னிலம்:
வணக்கம். நாங்கள் படித்த அரசு நடுநிலைப் பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் நிற்கும் இரண்டு இரும்பு பீரோக்கள்தான். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். பெரிய டிவி, இரண்டு கணினிகள், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் என்று துபாயில் இருக்கும் நண்பர்கள் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். நவீனமாக்குவது என்றால் இதுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:
பீரோவைப் பூட்டி வைத்திருப்பவர்களைத் திட்டாதீர்கள் சார். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். பாடம் நடத்தி, எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் பதிவும் முடித்துவிட்டு இரவல் பதிவேடு எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் அழகான சிறு புத்தகங்கள் வந்தன. சில பள்ளிகளில் அவையும் கட்டுப் பிரிக்காமலே இருக்கின்றன.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், மன்னார்குடி:
டீச்சர் சொன்னதுதான் நோய். டிவி அதற்கு மருந்தாகாது. கண்ணாடிக் கதவு இன்னும் மோசம். புத்தகத்தைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

முதல் வேலையாக மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள்: நன்கொடைப் புத்தகங்களுக்குத் தனிப் பதிவேடு, தொலைந்தால் ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை. யாராவது முகம் சுளித்தால் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆம் விதியைக் காட்டுங்கள். ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைந்தால், நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, அது இயல்பான இழப்பு என்கிறது அந்த விதி. மாநிலப் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் தயங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். பிள்ளைகள் கையில் புழங்கும் புத்தகம் ஐந்துக்கு மேலேயே தொலையும், கிழியும். கிழியட்டும்.

அடுத்தது கிளை நூலகம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஊரார் ஏற்கெனவே பணம் கட்டி வைத்திருக்கும் கூட்டாளியை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுகிறீர்கள்? பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்து, கட்டணத்தை உங்கள் குழு கட்டட்டும். நண்பர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டி அந்த நூலகத்தின் புரவலர், அதாவது ஆதரவாளர், ஆகலாம். மாதம் ஒரு முறை பள்ளிக்கு வந்து கதை சொல்லும்படி நூலகரையும் அழையுங்கள். கேட்டால் வருவார். என்னை யாரும் கேட்டதில்லை, அது வேறு கதை.

எங்கள் மேலவாசலில் 1931இலேயே கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் நடத்தினார். தொடங்கி வைத்தவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன். வண்டியில் கணினி இல்லை. புத்தகம் ஊர் ஊராகப் போனது.

மிச்சப் பணத்தில், உள்ளூர்த் தச்சரிடம் பிள்ளைகளின் இடுப்பளவு உயரத்தில் திறந்த அலமாரிகள் செய்யச் சொல்லுங்கள். படித்த பெண் ஒருவருக்கு மாதம் ஏதோ ஒரு தொகை கொடுத்து, மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். செலவில் பெரிய பங்கு இதற்கே போகட்டும். புத்தகங்களை மொத்தமாக வாங்காமல் ஆண்டுதோறும் வாங்குங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்சிட்டும் கொடுக்கலாம். இரவல் கணக்குக்குக் கைப்பேசியில் ஒரு விரிதாள் போதும். கோஹா போன்ற நூலக மென்பொருளெல்லாம் சில ஆயிரம் நூல்கள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முன்னாள் மாணவன், நன்னிலம்:
நன்றி ஐயா. தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். டிவி வேண்டாம் என்றதும் ஒரு நண்பருக்குக் கோபம். தன் பெயரில் கல்வெட்டாவது வேண்டுமாம்.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், மன்னார்குடி:
ரப்பர் முத்திரை செய்து, அவர் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு புத்தகத்திலும் பெயரைக் குத்திவிடுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் போதும், படத்தின் மேல் வேண்டாம். மை காய்ந்த பிறகு மூடுங்கள்.