டின்ட்ஸ்ஃபீல்ட் மாளிகையைப் பொதுப் பணத்தில் காப்பாற்றியது சரியா?

ஊர்சுற்றி செல்வி:
போன வாரம் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்து ராக்ஸால் கிராமத்தில் டின்ட்ஸ்ஃபீல்ட் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வில்லியம் கிப்ஸ் என்ற வியாபாரி 1843இல் வாங்கிய சாதாரண வீடு, 1860களில் ஜான் நார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் கைபட்டு கூர்கோபுரமும் புகைபோக்கியுமாக மாளிகையாகிவிட்டது. 2001இல் அங்கே குடியிருந்த பிரபு பிள்ளையில்லாமல் இறந்தார், வீடு விற்பனைக்கு வந்தது, மறு வருடமே பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் வாங்கிவிட்டது. இல்லையென்றால் நாலு தலைமுறைச் சாமானும் ஏலத்தில் ஊர் ஊராகச் சிதறியிருக்கும். காப்பாற்றியது நூற்றுக்கு நூறு சரி என்பது என் கட்சி.

வரப்புமேடு:
எல்லாம் எழுதினீர்கள், அந்த வியாபாரி எதை விற்றார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே அக்கா. பறவை எச்சம்! பெரு நாட்டுச் சின்ச்சா தீவுகளில் மழையே கிடையாது என்பதால் தழைச்சத்து கரையாமல் எச்சம் மலைமலையாகக் கிடந்தது, அதை வெட்டிக் கப்பலேற்றி ஐரோப்பிய வயல்களுக்கு உரமாக விற்றார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். அந்தத் தூசியில், சவுக்கடியில், தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. எருக்குழி அள்ளி வளர்ந்தவன் நான், கூடையைத் தலையில் ஏற்றுகிறபோது வரும் அந்த நெடி எனக்குத் தெரியும். அந்தக் காசில் எழுந்த வீட்டுக்கு 2002இல் பாரம்பரிய நிதியிலிருந்து 1.74 கோடி பவுண்டு கொடுத்தார்கள். யார் வீட்டுப் பணம்?

ஊர்சுற்றி செல்வி:
தம்பி, எச்சம் பெரு அரசாங்கத்தின் சொத்து. கிப்ஸ் நிறுவனம் 1861 வரை ஒப்பந்தம் போட்டு விற்றுக் கொடுத்தது, அவ்வளவுதான். அப்புறம் அரசு நிதி மட்டும் இல்லை, பொதுமக்களே 100 நாளில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?

வரப்புமேடு:
தரகருக்குப் பாவம் ஒட்டாது என்கிறீர்கள். கிப்ஸ் அந்நியப் பறவைகளின் எச்சத்தை விற்றுக் காசு பார்த்தார் என்று ஆங்கிலேயர்களே கேலிப்பாட்டு கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு உறைத்தது நமக்கு உறைக்கவில்லை.

சுண்ணாம்புக் கரண்டி:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், வீட்டை விட்டிருந்தால் சீனக் கூலிகளுக்கு என்ன கிடைத்திருக்கும்? இன்னொரு பணக்காரர் வாங்கி வாசலில் கேட் போட்டிருப்பார், கதை அதோடு முடிந்திருக்கும். கூரையைப் பழுதுபார்த்தபோது வீட்டைப் பூட்டாமல், சனங்களைச் சாரத்தில் ஏற்றி வேலையைக் காட்டினார்கள், அது எனக்குப் பிடித்தது. 2020இல் டிரஸ்ட் தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனியத்தோடும் இருந்த தொடர்பைத் தொகுத்து வெளியிட்டது, அதற்கு அங்கே கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சமல்ல. வீடு பொதுவில் இருப்பதால்தான் இந்தச் சண்டையாவது நடக்கிறது.

வரப்புமேடு:
அறிக்கை வெளியிடுவது வேறு, வீட்டுக்குள் சொல்வது வேறு. அக்கா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். கிப்ஸ் குடும்பம் அந்த வீட்டோடு சேர்த்துப் பெரிய தேவாலயம் ஒன்றும் கட்டியது. அங்கேயோ வேறு அறையிலோ சின்ச்சா தீவு பற்றி ஒரு பலகையாவது பார்த்தீர்களா?

ஊர்சுற்றி செல்வி:
இருந்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தேவாலயத்தில் கண்ணாடி ஓவியத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிட்டது, மீதி நேரமெல்லாம் தோட்டத்தில் போனது.

வரப்புமேடு:
அடுத்த தடவை போனால் தேடிப் பார்த்து எழுதுங்கள். அதுவரை என் ஓட்டு எதிராகத்தான்.