முகாம் மரணப் பட்டியல்: ஏக்கத்தில் சாக முடியுமா?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படையின் இழப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குண்டும் நோயும் போக, நீரில் மூழ்கி 4,944 பேர், வெயில் தாக்கி 313, தற்கொலை 391. மருத்துவப் பதிவேட்டில் 'நாஸ்டால்ஜியா', அதாவது வீட்டு ஏக்கம், என்று 74 மரணம் வேறு. ஏக்கம் ஆளைக் கொல்லுமா? மூழ்கியவர்கள் ஏன் இத்தனை பேர்?

பதில் 1:
அந்தக் காலத்தில் அது முறையான நோய்ப்பெயர். 5,547 பேருக்கு அப்படி எழுதியிருக்கிறார்கள். சோறு இறங்காது, தூக்கம் வராது, உடம்பு உருகும், கடைசியில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பிடிக்கும். பட்டினியாகக் கிடக்கும் உடம்பை வயிற்றுப்போக்கு சீக்கிரம் சாய்த்துவிடும். கிருமி பற்றித் தெரியாத காலம் என்பதால், கண்ணுக்கு முதலில் தெரிந்த ஏக்கத்தையே மருத்துவர் காரணமாகப் பதிந்தார். அந்த 74-இல் பல டைபாய்டாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பதில் 2:
மூழ்கியதற்கு முதல் காரணம், பலருக்கு நீச்சல் தெரியாது. படை நகர்ந்ததும் சரக்கு வந்ததும் ஆறுகளை ஒட்டித்தான். கம்பளிச் சட்டை, 4 கிலோ துப்பாக்கி, 40 தோட்டாப் பை எல்லாம் சுமந்துகொண்டு இறங்குபவனுக்கு இடுப்பளவு நீரில் கால் தவறினாலே போதும். குளிக்கப் போய்ச் சுழலில் சிக்கியவர்களும் உண்டு. படகு விபத்துகள் தனி. 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா'வின் கொதிகலன் வெடித்தது. 376 பேருக்கான கப்பலில் 2,000-க்கு மேல் ஏற்றியிருந்தார்கள். பெரும்பாலோர் சிறைமுகாமிலிருந்து விடுதலையாகி வீடு திரும்பிய வீரர்கள். 1,100-க்கு மேல் இறந்தனர்.

பதில் 3:
பட்டியலில் பெயரே வராத ஒரு சாவு இருக்கிறது: கலோமல். பாதரச உப்பு. வயிற்றுப்போக்கா, காய்ச்சலா, எதற்கும் இதுதான் மருந்து. திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் வழியும், நாக்கு வீங்கும், ஈறு அழுகிப் பல் உதிரும். சிலருக்குக் கன்னமும் தாடையும் அழுகும். ஆள் போனால் பதிவேட்டில் 'வயிற்றுப்போக்கு' என்றே விழும். தலைமை மருத்துவர் ஹாமண்ட் 1863 மே மாதம் இதை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1864-இல் ராணுவ நீதிமன்றம் அவரையே பதவியிலிருந்து நீக்கியது, வேறு குற்றச்சாட்டைச் சொல்லி.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதிய எண்ணையும் நம்ப முடியாதா?

பதில் 3:
பெரும்பகுதி உண்மைதான். கழிவுக்குழியை 8 அடி ஆழம் தோண்டி, மாலைதோறும் 6 அங்குல மண் போடச் சொன்னார்கள். பல முகாம்களில் குழியே வெட்டவில்லை. வெட்டிய இடத்திலும் இருட்டில் அவ்வளவு தூரம் போகாமல் கூடாரத்துக்குப் பின்னாலேயே ஒதுங்கினார்கள். மழை பெய்தால் அத்தனையும் குடிக்கும் ஓடையில்தான்.